காபித் தூளில் ரோல் கழுவுதல்

கடைசியாகக் கழுவிய ஃபிலிம் ரோலில் 36 படமும் சுத்தமாக விழுந்திருக்கிறது. ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் திரவமான டெவலப்பர் கடையில் வாங்கியது அல்ல. இன்ஸ்டன்ட் காபித் தூள், ஆப்ப சோடாவை வறுத்து எடுத்த சலவை சோடா, வைட்டமின் சி பொடி, ஆர்.ஓ. தண்ணீர், அவ்வளவுதான். இதற்கு முன் கழுவியவற்றில் சில குப்பைக்குப் போயின. ஒன்று பாதி தேறியது. எங்கே கெட்டது, எதனால் சரியானது என்று எழுதி வைத்தால் எனக்கும் மறக்காது, வெயில் ஊரில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கும் ஒரு ரோல் காசு மிச்சமாகும்.

இந்த முறையைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் “எந்தக் காபி?” என்றுதான் கேட்கிறார்கள். என்னைப் படுத்தியது காபி அல்ல, தண்ணீர். அதிலிருந்த உப்பும் அதன் சூடும்.

காலை நடைக்குச் சென்னையின் பள்ளிக்கரணைப் பக்கம் போவேன். ரேடியல் சாலை பிளந்துகொண்டு போகும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. குப்பை மேட்டின் நாற்றமும் நாமக்கோழிகளின் கூச்சலும் அங்கே ஒன்றாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை சமையல் என் பொறுப்பு. இரண்டுக்கும் கூடவே வருவது ஒரு பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்சும். அந்த லென்சில் பறவை எடுக்க ஆசைப்படக் கூடாது. நெடுங்கால் உள்ளான் ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆனால் சம்புப் புல், தேங்கிய நீரில் மின்கம்பத்தின் நிழல், பனி மூட்டம் எல்லாம் கறுப்பு வெள்ளையில் நன்றாக வரும். அதனால் என் ரோல்களில் முதல் பாதி சதுப்பு நிலமும் மறுபாதி அடுப்படியுமாக இருக்கும்.

வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் கழுவி ஸ்கேன் செய்து தர ரூ.500, போக வர கூரியர் தனி. காசைவிட, காத்திருப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

காபியில் ஃபிலிம் கழுவுவது புதிய விஷயம் அல்ல. அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் வகுப்பில் 1995இல் செய்து காட்டினார்கள். கஃபினால் என்று பெயர். வைட்டமின் சி பிறகு சேர்ந்தது. வேலை செய்வது காஃபீன் அல்ல, காபியில் உள்ள கஃபெயிக் அமிலம் போன்றவை. வேதியியலை இத்துடன் விடுகிறேன்.

இன்று பரவலாகப் புழங்கும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். 20 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம். ஃபிலிமை வெளிச்சம் படாமல் கழுவும் மூடிய பாத்திரமான என்னுடைய பேட்டர்சன் டாங்கியில் ஒரு ரோலுக்கு 300 மில்லி போதும். ஆக 16.2 கிராம், 4.8 கிராம், 12 கிராம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மாதிரியான சிறு தராசு ஒன்று ரூ.350க்கு வாங்கினேன், கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். தேக்கரண்டிக் கணக்கில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

பொருள்களில் முதல் சிக்கல் சோடா. மளிகைக் கடையில் சலவை சோடா என்று கேட்டால் சில கடையில் கட்டியாகத் தருகிறார்கள், சில கடையில் பொடியாக. கட்டியில் பாதிக்கு மேல் நீர். முழுப் படிகமாக இருந்தால் 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் போட வேண்டும். பழைய பாக்கெட் என்றால் அந்த நீரில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. சோப்புத் தூளும் மணமும் கலந்த சரக்கும் சந்தையில் உண்டு. என்ன எடை போடுகிறோம் என்றே தெரியாமல் பத்தில் ஒரு கிராம் தராசு வைத்து என்ன பயன்?

அதனால் ஆப்ப சோடாவை வறுத்தேன். ஆப்ப சோடாவைச் சூடாக்கினால் நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி சலவை சோடா மிஞ்சும். 100 கிராம் போட்டால் 63 கிராம்தான் கிடைக்கும். இந்தக் கணக்கு நமக்குச் சாதகம்: எடை சரியாகக் குறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அலுமினியப் பாத்திரம் கூடாது. சோடா அதை அரிக்கும். கனமான இரும்பு வாணலியில் 250 கிராம் கொட்டி, நடுத்தரத் தீயில் எவர்சில்வர் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தேன். சில நிமிடங்களில் தூள் தண்ணீரைப் போலத் தளும்ப ஆரம்பிக்கிறது. கரண்டியை எடுத்தால் குழி தானாக மூடிக்கொள்கிறது. ஆங்காங்கே சிறு எரிமலைகள் பொங்கி அடங்குகின்றன. அடியிலிருந்து வாயு வெளியேறுவதால் வரும் ஆட்டம் அது. குளிர்ந்த எவர்சில்வர் மூடி ஒன்றை மேலே பிடித்தால் உள்பக்கம் ஆவி படியும். தளும்பல் அடங்கி, மூடியில் ஈரம் படியாமல் போனதும் இறக்கி எடை பார்த்தேன். 163 கிராம். கணக்குப்படி 158 வர வேண்டும். மறுபடி அடுப்பேற்றி, தீயைக் கூட்டி, இன்னும் கொஞ்ச நேரம் கிளறிய பிறகு 158இல் நின்றது. அதற்கு மேல் வறுத்தும் இறங்கவில்லை.

சூட்டோடு காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் போட்டு, “சமையலுக்கு அல்ல” என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்தேன். பார்வைக்கு அசல் ஆப்ப சோடாவேதான். தெரியாமல் யாராவது ஆப்ப மாவில் போட்டால் வாய் வெந்துவிடும். வறுக்கும்போது எழும் தூள் மூக்கிலும் கண்ணிலும் எரிகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்துச் செய்வது நல்லது.

நான் எதிர்பார்க்காத ஒன்று: அம்மா பல வருடம் எண்ணெய் காட்டிப் பழக்கி வைத்திருந்த வாணலி அது. சூடான சோடா அந்த எண்ணெய்ப் படிவு முழுவதையும் உரித்துவிட்டது. கழுவியபோது சாம்பல் நிற இரும்பு பளபளத்தது, மறுநாள் துரு. “போட்டோவுக்கு வாணலி எதற்கடா?” என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வெங்காயம் வதக்கியும் எண்ணெய் தடவியும் அதை மறுபடி பழக்கி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. இப்போது இதற்கென்று தனியாக ஒரு பழைய வாணலி இருக்கிறது.

வைட்டமின் சி விஷயத்தில் மருந்துக் கடை மாத்திரைகளைப் பார்த்துச் சபலப்பட வேண்டாம். சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையில் சர்க்கரை, நிறம், மணம் எல்லாம் சேர்ந்திருக்கும். சுத்தமான ஆஸ்கார்பிக் அமிலப் பொடி பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடையில் 100 கிராம் ரூ.180க்குக் கிடைத்தது. எலுமிச்சைச் சாறு போட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு: அதில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம். ரசத்துக்கு ஆகும்.

ஹைப்போவுக்கு நான் போனது கொளத்தூர். வண்ண மீன் வியாபாரம் நடக்கும் இடம். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்க மீன் வளர்ப்பவர்கள் போடும் படிகமும், ஃபிலிமை நிலைநிறுத்தும் ஹைப்போவும் ஒன்றேதான், சோடியம் தயோசல்பேட். அரைக் கிலோ ரூ.90. கடைக்காரர் எத்தனை லிட்டர் தொட்டி என்று விசாரித்தார். உண்மையைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தார்.

இனி காபி. வீட்டில் இருந்த பாக்கெட்டின் பின்புறம் 70% காபி, 30% சிக்கரி என்று அச்சிட்டிருந்தது. நம் ஊர் இன்ஸ்டன்ட் காபிகள் பல இப்படித்தான். ஃபிலிமைப் பணயம் வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம்: ரோலின் நுனியில் கேமராவில் மாட்டுவதற்காக நீளும் நாக்குத் துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போட்டால் கறுக்க வேண்டும். சிக்கரி கலந்த தூளிலும், சிக்கரி இல்லாத மலிவான தூளிலும் ஒரே நேரத்தில் துண்டுகளைப் போட்டேன். சிக்கரி இல்லாதது வேகமாகவும் அழுத்தமாகவும் கறுத்தது. மற்றது பின்தங்கியே வந்தது. எடை போடும் 12 கிராமில் மூன்றரை கிராம் காபியே இல்லையென்றால் வேறு என்ன ஆகும்? விலை உயர்ந்த அராபிகா வேண்டியதில்லை. ரோபஸ்டா வகைதான் இந்த வேலைக்குத் தேவலை, அது மலிவும்கூட.

ஃபில்டர் டிகாஷனிலும் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தேன். கறுத்தது. ஆனால் முதல் டிகாஷனா இரண்டாவதா, எவ்வளவு நேரம் இறங்கியது என்பதைப் பொறுத்து அடர்த்தி மாறிக்கொண்டே இருக்கும். அதை எடைபோட வழி இல்லை. தவிர, நல்ல டிகாஷனில் சோடாவைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

அடுத்தது ரோலை டாங்கிச் சுருளில் ஏற்றுவது. இருட்டில் கையால் தடவியே செய்ய வேண்டும். எங்கள் பகுதியில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் கெட்டுப்போன பழைய ரோல் ஒன்றைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பழகச் சொன்னார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிமில் தொழில் கற்றவர். “தம்பி, பட்டையின் ஓரத்தைப் பிடி, நடுவில் விரல் படக் கூடாது” என்பதைத் தவிர அதிகம் பேசமாட்டார். கே1000இல் ரோலைத் திருப்பிச் சுற்றும்போது ஃபிலிம் விடுபட்டதும் கைக்குத் தெரியும். அங்கேயே நிறுத்தினால் நாக்கு வெளியே இருக்கும். டப்பாவை உடைக்கத் தேவையில்லை. இதுவும் அவர் சொன்னதுதான்.

சென்னையில் இதில் எதிரி வியர்வை. சுருள் பிளாஸ்டிக்; துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதி வழியில் சிக்கிக்கொண்டு முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கதவிடுக்கில் துண்டைச் செருகி, சாமான் அறையில் இரவில் ஏற்றினேன். மின்வெட்டு வந்தால் இருட்டுக்கு நல்லது, ஆனால் விசிறி நின்றுவிடும். இப்போது ஏற்றுவதற்கு முன் சுருளுக்கு ஹேர் டிரையரில் சூடு காட்டி ஆறவைக்கிறேன், கைகளை நன்றாகத் துடைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு சிக்கவில்லை.

இதெல்லாம் தயாரான பிறகும் முதல் ரோல் கெட்டது.

சமையலறைக் குழாயில் வருவது போர் தண்ணீர். அதில் சோடாவைக் கரைத்ததும் கலங்கலாக வெள்ளை வெளேரென்று ஆனது. இன்னும் கரையவில்லை போலும் என்று கலக்கிக்கொண்டே இருந்தேன். தெளியவே இல்லை. காபியைப் போட்டதும் எல்லாம் கறுப்பாகிவிட, கலங்கல் கண்ணுக்கு மறைந்தது. கழுவி முடித்துப் பார்த்தால் படங்கள் விழுந்திருந்தன. ஆனால் ஃபிலிம் முழுக்க நுண்ணிய வெள்ளைப் பொரி. விரல் நகத்தால் தொட்டால் உப்புத்தாள் மாதிரி நெறநெறத்தது. சம்புப் புல் படங்களில் அது பனி பெய்ததாகத் தெரிந்தது என்று சொல்லிச் சமாளிக்கலாம். இட்லிப் பானையின் மேல் பனி பெய்யாது.

காரணம் பிடிபட்டது, ஆர்.ஓ. இயந்திரம் பழுதுபார்க்க வந்தவர் தண்ணீரில் ஒரு பேனா மாதிரிக் கருவியைத் தோய்த்து உப்பின் அளவைக் காட்டியபோது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போர் தண்ணீர் 1,100ஐத் தாண்டியது, ஆர்.ஓ. தண்ணீர் 60. அதே மாதிரிக் கருவியை நானும் ரூ.200க்கு வாங்கிவிட்டேன். போர் தண்ணீரிலிருக்கும் கால்சியத்தோடு சோடா சேர்ந்தால் சுண்ணாம்பாகப் படியும். பக்கெட்டின் உள்பக்கமும் குழாய் வாயும் வெள்ளை பூத்துக் கிடக்கிறதே, அதே சுண்ணாம்பு.

கெட்ட ரோலை ஓரளவு மீட்க முடிந்தது. கடையில் விற்கும் வினிகரில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து, வெட்டிய துண்டுகளை அதில் இரண்டு நிமிடம் மிதக்க விட்டேன். ஒவ்வொரு பொரியிலிருந்தும் ஊசிமுனை அளவுக் குமிழி ஒன்று கிளம்பி மேலே வந்தது. உருப்பெருக்கியில் பார்க்க வேடிக்கையாக இருந்தது. சுண்ணாம்பு கரைந்துவிட்டது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் சிறு தழும்புகள் மிச்சம். சிறிய அளவில் பிரிண்ட் போட்டால் தெரியாது.

அடுத்த ரோலுக்கு டெவலப்பரை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தேன். கண்ணாடியாகத் தெளிந்தது. ஆனாலும் கழுவிய பின் ஆங்காங்கே பொரி இருந்தது. முன்னளவு இல்லை, ஆனால் இருந்தது. யோசித்துப் பார்த்ததில், டெவலப்பரை ஊற்றிவிட்டு அடுத்த அலசலுக்குக் குழாய்த் தண்ணீரைப் பிடித்திருக்கிறேன். ஃபிலிமின் மேல்பூச்சு சோடாவைக் குடித்து ஊறியிருக்கிறது. அதன் மேல் கடின நீர் பட்டால் அங்கேயே படியத்தானே செய்யும். இப்போது டெவலப்பருக்குப் பின் வரும் மூன்று அலசலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். இந்த இடத்தில் வினிகர் கலந்து அலசச் சொல்பவர்களும் உண்டு. சோடா ஊறிய ஃபிலிமில் வினிகர் பட்டால் பூச்சுக்குள்ளேயே குமிழி கிளம்பும் என்பதால் நான் போவதில்லை.

தண்ணீரின் உப்பைத் தீர்த்ததும் அதன் சூடு மிஞ்சியது. எங்கள் வீட்டுத் தண்ணீர் சாதாரண நாளில் 29 டிகிரி. கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 20 டிகிரிக்கு இறக்கி வைத்தாலும் 15 நிமிடம் அங்கேயே நிற்காது. டாங்கியைக் கையில் பிடித்துக் கவிழ்த்து நிமிர்த்தும்போதே ஏறும். ஐஸ் நிரப்பிய பேசினில் டாங்கியை உட்கார வைத்தபோது எதிர்ப்பக்கம் போய், 17க்கு இறங்கி, அந்த ரோல் வெளுத்துப்போனது. ஸ்டூடியோ பெரியவரிடம் கேட்டேன். கோடையில் ஐஸ் கட்டி வாங்கி டிரேயைச் சுற்றிப் போடுவார்களாம். “ஆனால் ஐஸோடு மல்லுக்கட்டாதே, நேரத்தைக் குறை” என்றார்.

24 டிகிரியை வைத்துக்கொண்டேன். வீட்டு நிலவரத்துக்கு அது எட்டக்கூடிய தூரம். சூடு கூடினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும் என்பதால் கழுவும் நேரம் பத்தரை நிமிடம். 29 டிகிரி ஆர்.ஓ. தண்ணீர் 230 மில்லியில், குளிர்சாதனப் பெட்டியில் 8 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 70 மில்லி கலந்தால் சரியாக 24 வருகிறது. பேசினில் 24 டிகிரி தண்ணீர் நிரப்பி டாங்கியையும் மற்றக் குவளைகளையும் அதில் நிற்க வைத்தால், பத்தரை நிமிடத்தில் ஒரு டிகிரிக்கு மேல் நகர்வதில்லை. காய்ச்சல் வெப்பமானி 35 டிகிரிக்குக் கீழ் காட்டாது. சமையலுக்கான குச்சி வெப்பமானி ரூ.280. அது சரியாகக் காட்டுகிறதா என்று பொடித்த ஐஸும் தண்ணீருமாக நிரப்பிய டம்ளரில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்; பூஜ்யம் காட்ட வேண்டும். என்னுடையது 0.4 காட்டியது.

ஹைப்போ தன் குளிர்ச்சியைத் தானே கொண்டுவருகிறது. ஒரு லிட்டருக்கு 200 கிராம் படிகம் கரைக்கும்போது தண்ணீர் சட்டென்று எட்டு டிகிரி இறங்கியது. பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்த்துவிட்டது. கொஞ்ச நேரம் வைத்திருந்து 24க்கு ஏறவிட்டால் போதும். எல்லாத் திரவமும் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். சூட்டிலிருந்து குளிருக்குத் திடீரென்று மாற்றினால் பூச்சு சுருங்கி வலைபோலப் பிளக்கும்.

இப்போது செய்யும் முறை இது. சோடாவை முதலில் கரைத்து, முழுக்கத் தெளியும்வரை காத்திருக்கிறேன். பிறகு வைட்டமின் சி. போட்டதும் சோடாவோடு சேர்ந்து நுரைத்து அடங்கும். கடைசியாகக் காபி. வேகமாக அடித்துக் கலக்கினால் நுரை கட்டி, அந்தக் குமிழிகள் ஃபிலிமில் ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாக வெளிறிய தழும்பு விடும். கரண்டியால் மெதுவாகச் சுழற்றி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுகிறேன். கலந்த பின் ரொம்ப நேரம் வைத்திருக்கவும் கூடாது. அன்றே கலந்து அன்றே ஊற்றிவிட வேண்டியதுதான். முதல் அரை நிமிடம் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துதல், பிறகு நிமிடத்துக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் டாங்கியின் அடியை மேடையில் ஒரு தட்டு, ஒட்டிய குமிழி விடுபட.

வாடையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். காபி மணக்கும் என்று நினைத்துக்கொண்டு மூக்கை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஈரச் சாக்கும் தீய்ந்த வெல்லமும் சேர்ந்த ஒரு நாற்றம். என் மகள் அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் வருவதில்லை. இந்தப் பாத்திரங்கள் எதுவும் சமையலுக்குத் திரும்பாது. தனிக் குவளை, தனிக் கரண்டி, தனி அலமாரி.

ஹைப்போவில் எட்டு நிமிடம். டாங்கியில் ஊற்றுவதற்கு முன் ஒரு துண்டு நாக்கைப் போட்டுப் பார்த்துவிடுவேன். பால்போல் இருக்கும் துண்டு தெளிய மூன்று நிமிடம் ஆனால், அதன் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தால் போதும். பிறகு அலசல்: தண்ணீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. ஓடும் குழாயின் கீழ் அரை மணி நேரம் வைக்கத் தேவையில்லை. இங்கே மெட்ரோ வாட்டர் போதும். கடைசி முழுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி விட்டு. இரண்டு துளி விட்டால் காய்ந்த பின் கறை தெரியும்.

காயவைக்க பால்கனி சரிப்படாது. எங்கள் தெருத் தூசி முழுவதும் ஈர ஃபிலிமில் உட்கார்ந்துகொள்ளும். யாராவது குளித்து முடித்து ஆவி அடங்கிய குளியலறைதான் வீட்டிலேயே தூசி குறைந்த இடம். மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு இரண்டு கிளிப், கதவைச் சாத்திவிட்டால் காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் செய்வது சுருக்கமாக: மகளின் டேப்லெட்டில் வெள்ளைத் திரை, அதற்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் பால் நிற அக்ரிலிக் தகடு, அதன் மேல் நெகட்டிவ். தகடு இல்லாமல் திரை மேலேயே வைத்தால் அதன் புள்ளிகள் படத்தில் விழும். டிஜிட்டல் கேமராவில் அதே 50 மில்லிமீட்டர் லென்சுக்குப் பின் கிட்டத்தில் எடுக்க உதவும் 12, 20 மில்லிமீட்டர் எக்ஸ்டென்ஷன் டியூப் இரண்டும் சேர்த்தால் ஒரு சட்டகம் முழுதாக அடங்குகிறது. காபி நெகட்டிவில் லேசான பழுப்புச் சாயம் நிற்கும். கணினியில் நிறத்தை எடுத்துவிட்டுத் தலைகீழாக்கினால் அது தொந்தரவு இல்லை.

கடைசி ரோலில் எனக்குப் பிடித்தது இட்லிப் பானைப் படம். காலை எட்டு மணி, கிழக்குச் சன்னல் பானைக்குப் பின்னால். கென்ட்மியர் 100 ஃபிலிம், லென்ஸ் துளை 2.8, ஷட்டர் வேகம் நொடியில் முப்பதில் ஒன்று. மூடியைத் தூக்கிய அம்மாவின் கை கறுப்பாக, அதைச் சுற்றி எழும் ஆவி மட்டும் வெள்ளையாக, ஆவிக்குள் சன்னல் கம்பியின் நிழல் கோடு கோடாக. நெகட்டிவில் அந்த ஆவி அடர்த்தியாகக் கறுத்திருந்தாலும் உள்ளே விவரம் அடைபடவில்லை. வெளிச்சம் மிகுந்த இடத்தை ஒரேயடியாக அடைக்காமல் விடுவது இந்தக் காபி டெவலப்பரின் நல்ல குணம். சதுப்பு நிலப் படங்களில் நீரின் மினுமினுப்பும் அப்படியே நின்றிருக்கிறது. நிழலில் துகள் கொஞ்சம் பெரிது. எனக்கு உறுத்தவில்லை.

செலவுக் கணக்கு. 50 கிராம் காபிப் புட்டி ரூ.190, ஒரு ரோலுக்கு ரூ.46. வைட்டமின் சி ரூ.9, சோடா ரூ.5 அல்லது ரூ.6, ஹைப்போ அதே அளவு. ஆக மொத்தம் ரூ.65ஐ ஒட்டி. ஃபிலிம் தனியாக ரூ.850, அதை மாற்ற வழி இல்லை. ஒரே தடவைச் செலவு: பழைய டாங்கி ரூ.2,400, தராசு, வெப்பமானி, உப்புக் கருவி சேர்த்து ரூ.830. கெட்டுப்போன ரோல்களின் விலையை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணக்கு அசிங்கமாகும்.

பழைய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. போய்ச் சேரும் இடம் கடைசியில் அந்தச் சதுப்பு நிலம்தான். ஒரு பிளாஸ்டிக் கேனில் இரும்பு நார் போட்டு அதில் ஊற்றி வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்குகிறது. பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது. துருப்பிடிக்கும் இரும்பு நாராக இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில், மர வேலைக்கு என்று கேட்டால் தருவார்கள்.

அடுத்த முறை மாற்றப் போவது: சோடா, வைட்டமின், காபி மூன்றையும் ஒரு ரோலுக்கான அளவில் முன்கூட்டியே எடை போட்டுத் தனித்தனிப் பொட்டலமாக வைத்துக்கொள்வது. இரவில் சமையலறை மேடையில் தராசை வைத்துக்கொண்டு விசிறியை நிறுத்துவதும் போடுவதுமாக இருந்தது போதும். பேசினுக்குப் பதில் தெர்மோகோல் மீன் பெட்டி ஒன்று வாங்கினால் 24 டிகிரி இன்னும் நன்றாக நிற்கும். பிறகு குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய 400 வேக ஃபிலிம். மழை மாதங்களில் பள்ளிக்கரணையில் 100 போதவில்லை. வேகமான ஃபிலிமைக் காபியில் கழுவினால் வெறுமையாக இருக்க வேண்டிய இடமும் மங்கலாகக் கறுக்கும்; அதைத் தடுக்க லிட்டருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் புரோமைடு சேர்க்க வேண்டும். என் டாங்கிக்கு 0.3 கிராம். என்னிடமிருக்கும் தராசு அந்த அளவில் நம்பத் தகுந்தது அல்ல. 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு 30 மில்லி அளந்து ஊற்றலாம் என்று இருக்கிறேன். புரோமைடு இன்னும் வாங்கவில்லை. கொளத்தூரில் கிடைக்காது, பாரிமுனைக்குத்தான் போக வேண்டும்.